ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவர்

22 பிப்ரவரி 2009, ஞாயிறு

ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் விடைத்தாள் ஐம்பத்து மூன்று. திருத்தி முடிக்க மதியம் ஆகிவிட்டது. 'ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு எது?' ஒரு மதிப்பெண் கேள்வி. பாதிக்கு மேல் சூடான் என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் 'எங்கள் ஹஃபீசா டீச்சரின் வீட்டுக்காரர் இருக்கும் நாடு' என்று எழுதியிருக்கிறாள். அதற்கும் மதிப்பெண் போட்டேன். பதில் தப்பில்லையே.

நாலு மணிக்கு அவர் போன். ஞாயிறு நாலு மணி என்றால் நாலுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஜூபாவுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போய்ப் பதிமூன்று மாதம் ஆகிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம். 2010 ஜனவரியில் வந்து உட்கார்ந்துவிடுவேன், அப்புறம் எங்கேயும் போகமாட்டேன் என்று மீனம்பாக்கத்தில் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன மனுஷர்.

பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் வந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். பாஸ்போர்ட் கார்த்தூமில் முதலாளியிடம் இருக்கிறது, அனுப்பச் சொல்ல வேண்டும் என்றார். ஏதோ குடையைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிற மாதிரி.

கார்த்தூம் வடக்கு. ஜூபா தெற்கு. இருபது வருஷத்துக்கு மேல் வடக்கும் தெற்கும் வெட்டிக்கொண்டு செத்தார்கள். இப்போது நாலு வருஷமாக வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறார்கள், அதற்குப் பெயர் சமாதானம். அடுத்து தேர்தல். அதற்கடுத்து 2011இல் தெற்கத்தி மக்கள் தனியாகப் போகலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போடப் போகிறார்கள். இப்போதே அவரிடம் இரண்டு சிம் இருக்கிறது. ஒன்று சூடான் நம்பர், இன்னொன்று உகாண்டா நம்பர். ஒரே நாட்டுக்குள் இரண்டு நாட்டு நம்பர்! ஆள் ஒரு பக்கம், பாஸ்போர்ட் மறுபக்கம். நடுவில் கோடு விழுந்தால் இந்த மனுஷர் எந்த வழியாக வருவார்? கேட்டால் சிரிக்கிறார்.

26 பிப்ரவரி, வியாழன்

மலக்கால் என்ற ஊரில் வடக்குப் படைக்கும் தெற்குப் படைக்கும் சண்டையாம். பேப்பரில் ஏழாம் பக்கம், கட்டைவிரல் அகலச் செய்தி. ஆசிரியர் அறையில் எல்லாரும் இலங்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். நியாயம்தான், அங்கே நடப்பதைக் கேட்டால் சோறு இறங்கவில்லை. ஆனால் என் பயத்தை எந்த மேஜையில் வைப்பது? ஜெயஸ்ரீ டீச்சர் மட்டும், 'அவர் இருக்கிற ஊர் அதுக்குத் தூரமா?' என்று கேட்டாள். தூரம்தான். அட்லஸில் ஒரு விரல் தூரம்.

7 மார்ச், சனி

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் தெருவில் கேசவன் அலுவலகம் போனேன். அவரை அனுப்பிவைத்த ஏஜெண்ட். என்ன தைரியத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், தூதரகத்துக்கு எழுதுவேன் என்று எடுத்த எடுப்பில் சத்தம் போட்டேன். வெளியே டிக்கெட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கேசவன் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னான்: "அக்கா, யாரும் புடுங்கல. அந்த ஹாஜி மொதலாளி கேக்கவே இல்ல. ஏர்போர்ட்ல எறங்கினதும் அண்ணனே எடுத்துக் குடுத்துட்டாரு. அவரு ஏன்னு கேட்டதுக்கு, வெச்சுக்குங்க, அதான் முறைன்னு சொன்னாராம்."

எனக்குப் புரிந்துவிட்டது. இதற்கு முன்னால் சவுதியில், தம்மாமில் பதினொரு வருஷம். விமானத்தை விட்டு இறங்கினால் கஃபீல் என்கிற முதலாளி கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும், ஊருக்குப் போகும்போது கைகட்டி நின்று வாங்க வேண்டும். அங்கே அது சட்டம் மாதிரி. இங்கே யாரும் கேட்கவில்லை. பழகின கை தானாக நீண்டுவிட்டது. உலகத்தில் எவனாவது கேட்காமலே தன் விலங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பானா? இவர் கொடுப்பார். கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லியிருப்பார்.

கேசவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

8 மார்ச்

நாலு மணி போனை எடுக்கவில்லை. மெஹ்னாஸ் எடுத்துப் பேசினாள். அத்தாவும் மகளும் நன்றாகச் சிரித்தார்கள்.

14 மே, வியாழன்

நேற்றுத் தேர்தல். இன்று காலை வரை கண்ணைத் திறக்க முடியவில்லை. எனக்குக் கானத்தூரில் ஒரு பள்ளிக்கூடம், முதல் நிலை வாக்குப்பதிவு அலுவலர். பட்டியலில் பெயரைத் தேடி, சத்தமாகப் படித்து, சிவப்புக் கோடு போடும் வேலை. ஃபேன் இல்லை. கடற்காற்று ஜன்னல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

பட்டியலோடு தனியாக ஒரு தாள் கொடுப்பார்கள். ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர், மூன்று வகையாரும் ஒரே தாளில். அவர்கள் பெயரில் யாராவது வந்தால் உஷாராக இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு முத்தாலம்மாள் என்று ஒரு மீன்காரம்மா வந்தது. தாளில் பார்த்தால் இறந்தவர். சொன்னேன். சொல்லாமல் எப்படி?

"நானா? செத்துட்டனா? யாரு சொன்னது, அவன இங்க கூப்புடு. கூடைய வாசல்ல எறக்கி வெச்சிட்டு வந்துகீறேன். செத்தவ கூடை தூக்குவாளா?"

கட்சி ஏஜெண்டுகள் எல்லாம் ஆயாவைத் தெரியும் என்றார்கள். அடையாளம் பார்த்து, கைநாட்டு வாங்கி, ஓட்டுப் போடவிட்டோம். மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. பெயரை அழித்தால் அப்படித்தான் வர வேண்டும் ஒரு மனுஷிக்கு.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கோவிலம்பாக்கம் வாக்குச்சாவடியில் அயூப் என்ற பெயருக்கு எவளோ ஒரு டீச்சர் காத்திருந்திருப்பாள். எந்த வகையில் சேர்ப்பாள் அவரை?

19 ஜூலை, ஞாயிறு

இன்று அவராகவே சொல்லவில்லை, மெஹ்னாஸ்தான் உளறிவிட்டாள். போன வாரம் சந்தையில் அவரை அடித்திருக்கிறார்கள்.

டீசல் பம்புக்கு வாஷர் வாங்கப் போயிருக்கிறார். சவுதியில் பழகின அரபியில் விலை கேட்டிருக்கிறார். தாடி, தொப்பி, அரபி. ஒருவன் வடக்கத்தியான் என்று கத்த, இன்னொருவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். பட்டறையில் வேலை செய்யும் டெங் ஓடிவந்து, இவர் இந்தியாக்காரர் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். இல்லையென்றால்? இல்லையென்றால் என்ற வார்த்தைக்கு மேல் எழுத வரவில்லை.

போனில் நான் கத்தினேன். அவர் நிதானமாக, பட்டறையில் உஸ்மான் வடக்கு, டெங் தெற்கு, இரண்டு பேரும் ஒருத்தனோடு ஒருத்தன் பேசுவதே இல்லை, இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்கிறார்கள், நான் நடுவில் இல்லாவிட்டால் ஸ்பேனரைத் தூக்கிக்கொள்வார்கள் என்றார். தேர்தலை வேறு மறுபடி தள்ளிவைத்துவிட்டார்களாம், அடுத்த ஏப்ரலுக்கு. எல்லாரும் பதற்றமாக இருக்கிறார்களாம். அதனால் ஜனவரியில் வருவதை... என்று இழுத்தார்.

இழுக்கிறார்! ஜனவரி என்று கையைப் பிடித்துச் சொன்னவர்.

"நீங்க ரெண்டு பேருக்கு நடுவுல நிக்கிறீங்க மச்சான், சரி. இங்க உங்க மகளும் நானும் மூணு வாரமா முகத்தைப் பாத்துப் பேசல. நடுவுல யாரு நிக்கிறது?"

லைன் கட்டாகிவிட்டது. இந்தச் சிம்மா அந்தச் சிம்மா, எது கட்டானதோ.

ஊர் சமாதானம் எல்லாம் இவர் தோளில்தான் நிற்கிறதாம். வீட்டுக்கு மட்டும் யாருமில்லை.

21 செப்டம்பர், திங்கள்

பெருநாள். அங்கே நேற்றே முடிந்துவிட்டது. சேமியா கிண்டினேன். மெஹ்னாஸ் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, அத்தாவுக்கு இது பிடிக்கும் என்றாள். அவருக்குச் சேமியா பிடிக்காது. பிரியாணிதான். பிள்ளை மறக்க ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கே தெரியவில்லை.

8 நவம்பர், ஞாயிறு

மழையில் வாக்காளர் பட்டியல் திருத்தம். என்னை எங்கள் தெரு அடங்கிய பாகத்துக்கே வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போட்டுவிட்டார்கள். முட்டி வரை தண்ணீரில், பாலித்தீன் பையில் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் எல்லாம் எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

நாலாவது வீடு ஞானஜோதி அக்கா. மகன் ஹேமநாத் துபாய் போய் ஒன்றரை வருஷம். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பெயர் இருக்கக்கூடாது, விதி. எடுத்துச் சொல்லி, நீக்கும் படிவத்தில் கையெழுத்துக் கேட்டேன். அக்கா போட்டாள். போட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எம் புள்ள பேரை எடுத்துட்ட. சரி. உன் வீட்டுக்காரர் பேரு மட்டும் அப்படியே இருக்குமா, டீச்சர்?"

படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினேன். தண்ணீரில் செருப்பு வேறு போய்விட்டது.

15 நவம்பர், ஞாயிறு

மேற்பார்வையாளர் ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் கேட்டேன். நல்ல மனுஷர். 'உங்காத்துக்காரர் பேரை யார் கேக்கப்போறா டீச்சர், இன்னிக்கி இல்லேன்னா நாளைக்கி வந்துடுவார், விட்டுடுங்கோ' என்றார். விட்டிருக்கலாம். ஞானஜோதி அக்கா கேட்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

நாலு மணிக்குப் போன் வந்தது. அங்கேயும் இப்போது பெயர் சேர்க்கிறார்களாம். அந்த முகாம்களுக்கு ஜெனரேட்டர் ஓட்டுவது இவர் வேலை. கதை கதையாகச் சொன்னார். ஒரு கிழவர் இரண்டு நாள் நடந்து வந்தாராம், பெயர் எழுதின சீட்டை வாங்கிச் சட்டைக்குள் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்து... சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அப்புறம் அதே மூச்சில், ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டேன், 2011 ஓட்டெடுப்பு முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார்.

கேட்கவில்லை. சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்தேன். வரிசை எண் 412, அயூப். 413, ஹஃபீசா. என் வீட்டுக்கு நானே அலுவலர். கதவைத் தட்ட வேண்டிய வேலைகூட இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவரா? ஆம். எப்போது திரும்புவார் என்று தெரியுமா? தெரியாது. பெயர் நீக்கும் படிவம் ஏழு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'இடம் மாறியவர்' என்று எழுதும்போது தாள் ஓட்டையாகும் அளவுக்கு அழுத்தினேன். அவங்க நாட்டுல கோடு விழுறதுக்கு முன்னாடி இங்க விழட்டும். நான் போடுறேன் கோடு.

மெஹ்னாஸ் பார்த்துவிட்டாள். "அத்தா பேரையா அடிக்கிறே? உனக்கு வேற யாரும் கிடைக்கலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

16 நவம்பர்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான்.

10 டிசம்பர், வியாழன்

ஆந்திராவைப் பிரித்துத் தெலங்கானா தரப்போகிறார்களாம். ஆசிரியர் அறையில் பிரிக்கலாமா கூடாதா என்று ஒரே வாதம். ஜெயஸ்ரீ பிரிக்கலாம் என்கிறாள், கணக்கு வாத்தியார் ராஜகோபாலன் கூடாது என்கிறார். நீங்க என்ன சொல்றீங்க டீச்சர் என்று என்னைக் கேட்டார்கள். பிரிந்தபிறகு அவரவர் சாமான் அவரவர் பக்கம் இருந்தால் சரி என்றேன். ஏன் அப்படி முறைத்தேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

24 டிசம்பர், வியாழன்

சாயங்காலம் வாசலில் ஒரு ஆள். பெருங்களத்தூர் எட்மண்ட், கார்த்தூம் பட்டறையில் மெக்கானிக், கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் அவர் பாஸ்போர்ட்.

"ஹாஜி குட்த்தனுப்ச்சாருக்கா. எலெக்‌ஷன் வருது, எது எந்த நாடாவும்னு எனுக்கே தெரில, அடுத்தவன் காயிதத்த நான் வெச்சுக்கினு இருந்தா பாவம்னாரு. அயூப் பாயாண்ட போன் போட்டு கேட்டோம். எங்கூட்ல குட்த்துடுன்னாரு. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

எட்மண்டை உட்காரவைத்து டீ கொடுத்தேன். அந்த ஹாஜியை இத்தனை மாதம் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருப்பேன். அவருக்குத் தோன்றியிருக்கிறது. இவருக்குத் தோன்றவில்லை. உன்னிடமே அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்கிறார்! தன் கையில் இருக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டிருக்கிறாரா?

எட்மண்ட் பதினொன்றாம் தேதி திரும்பப் போகிறார். ஏதாவது கொடுத்தனுப்புவதென்றால் சொல்லச் சொன்னார்.

திறந்து பார்த்தேன். ஃபோட்டோவில் முடி எல்லாம் கறுப்பு.

27 டிசம்பர், ஞாயிறு

நாலு மணி. முதல் வார்த்தையே, பாஸ்போர்ட் வந்துவிட்டதா, பத்திரமாக வைத்துக்கொள், உன்னிடம் இருந்தால் எனக்கு நிம்மதி என்றார்.

நான் என்ன கஃபீலா? ஆள் அங்கே, பாஸ்போர்ட் இங்கே, நடுவில் கடல். முன்னாடியாவது ஒரே நாட்டுக்குள் இருந்தது.

சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "மச்சான், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நம்ம ஊரு லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. நான்தான் எடுத்தேன். ஆறு மாசத்துக்கு மேல ஊர்ல இல்லாதவர்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். யாரோ ஒரு கிழவர் பேரு எழுத ரெண்டு நாள் நடந்தாருன்னு அழுதீங்களே. உங்க பேருக்கு நடக்க இங்க ஆளில்ல."

கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். ஆகவில்லை. பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. "என் பேரையா?" என்றார். அவ்வளவுதான். அவர்தான் வைத்தார்.

அந்த மீன்காரம்மா மாதிரி கத்தியிருக்கலாமே. நான் செத்துட்டனா என்று கேட்டிருக்கலாமே. கத்தினால் எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெரியும். இதற்கு என்ன செய்வது?

3 ஜனவரி 2010, ஞாயிறு

நாலு மணி. போன் வரவில்லை. ஐந்து. ஆறு. மெஹ்னாஸ் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நவம்பருக்குப் பிறகு இன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

9 ஜனவரி, சனி

ஞாயிறுகூட இல்லை, சனிக்கிழமை. பள்ளியில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது போன். குரல் தணிந்திருந்தது. எட்மண்ட் கிளம்பிவிட்டாரா என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன்.

"பாஸ்போர்ட்டைக் குடுத்தனுப்பு, ஹஃபீசா. ஹாஜி கையில வேணாம். எட்மண்டையே நேரா எங்கிட்ட வரச்சொல்லு."

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாளைக்குப் பெருங்களத்தூர் போய் எட்மண்ட் கையிலேயே கொடுக்க வேண்டும். மெஹ்னாஸும் வருகிறேன் என்கிறாள்.

20 பிப்ரவரி, சனி

வந்து ஆறு நாள் ஆகிறது. பாதி உடம்புதான் வந்திருக்கிறது. ஆறு நாளில் மூன்று சண்டை, அதில் இரண்டை நான் ஆரம்பித்தேன். பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடும்போதும் எனக்குக் கோபம் போகவில்லை. இரண்டு வருஷக் கோபம், ஆறு நாளில் எப்படிப் போகும்?

உஸ்மானும் டெங்கும் என்ன ஆனார்கள், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டார்களா என்று கேட்டேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே பைக்கில் விமானத் திடலுக்கு வழியனுப்ப வந்தார்கள் என்றார். வழியில் பேசிக்கொண்டு வேறு வந்தார்களாம். மெஹ்னாஸ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும்.

இன்று காலையில் அவராகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த இறுதிப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீக்கம்னு போட்டிருக்கு."

"தெரியும்."

"சொன்னே. நேர்ல பாத்தா வேற மாதிரி இருக்கு."

பையில் இருந்து படிவம் ஆறு எடுத்து மேஜையில் வைத்தேன். புதிதாகப் பெயர் சேர்க்க. அலுவலர் நான்தான், வரிசையில் நிற்க வேண்டிய அவசியமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி நிதானமாக எழுதினார். பெயர். தகப்பனார் பெயர். கதவு எண். 'எந்தத் தேதி முதல் இந்த முகவரியில் வசித்து வருகிறீர்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது. இந்த வீட்டுக்கு நாம் வந்த வருஷம் எது, தொண்ணூற்று ஆறா என்று கேட்டார்.

பதினாலாம் தேதியைப் போடுங்கள் என்றேன். போன ஞாயிறு.

என்னை ஒரு தரம் பார்த்தார். 14.02.2010 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வசிப்பிடச் சான்றுக்கு ரேஷன் கார்டு நகல் போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கை சட்டைப் பைக்குள் போய் பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் நீட்டிவிட்டது. நான் கேட்கவில்லை.

வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டால் அப்புறம் எந்த நாடு பிரிந்தால் எனக்கென்ன என்றுகூட இருந்தது. வாங்கவில்லை. உங்களோடது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகல் எடுக்கக் கிளம்பிப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் இன்னும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதிமூன்று வருஷமாக அதை வைத்துப் பழகாத மனுஷர். டி.வி. மேல் வைத்தார், எடுத்தார். குர்ஆன் ஷெல்ஃபுக்குக் கிட்டே போனார், திரும்பினார். சமையலறையில் இருந்து நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் கிடக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அதில் போட்டு, மூடினார்.